ஜேம்ஸ் வீட்டுப் பிள்ளைகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்தியிலே, மிசௌரி மாநிலத்தில், கான்ஸஸ் சிட்டி நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 25 மைல் தூரத்தில், கியர்னி என்னும் சிற்றூரை அடுத்துள்ள பண்ணை நிலங்களுக்கு நடுவே ஒரு பழைய மரவீடு இருக்கிறது. 1822-ஆம் ஆண்டில், புதிதாகக் குடியேறிய ஒருவர் காட்டுமரங்களைச் செதுக்கி அடுக்கிக் கட்டிய அந்த வீட்டின் ஒரு பாதியில் தாழ்ந்த கூரையும் கல்லாலான கணப்படுப்பும் உண்டு. மறு பாதி 1893-இல் பலகைகளால் எடுத்துக் கட்டப்பட்டது. சிற்ப சாஸ்திரம் அறிந்தவர் நின்று பார்க்கத்தக்க விசேஷம் அதில் ஒன்றும் இல்லை. ஆயினும் 1847 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜெஸ்ஸி ஜேம்ஸ் என்ற ஆண் குழந்தை அங்கே பிறந்தது என்பதற்காகவும், அக்குழந்தை வளர்ந்து பாங்கிகளையும் ரயில்களையும் கொள்ளையடித்துக் கடைசியில் தன் கூட்டாளி ஒருவனாலேயே முதுகுப் புறமாகச் சுடப்பட்டு மாண்டது என்பதற்காகவும், நூறாண்டுகளுக்கும் மேலாக ஜனங்கள் அந்த வீட்டைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஜெஸ்ஸி ஜேம்ஸின் கொள்ளைகளை எழுதியவர்கள் பலர். அவன் பேரில் பாட்டுகளும் நாடகங்களும் சினிமாப் படங்களும் ஏராளமாக உண்டு. ஆனால் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளின் சரித்திரம் என்று ஒன்று இருக்கிறது. அதுவே என் மனத்தை அதிகமாக இழுத்தது. அண்ணன் தம்பிகளாகிய பிராங்க், ஜெஸ்ஸி இருவர் மட்டுமல்ல, அவர்களுடைய சிற்றன்னைப் பிள்ளைகளுக்கு ஒப்பான தாய் வழித் தம்பி தங்கையர், அதே முற்றத்தில் அடிமைகளாகப் பிறந்து வளர்ந்த குழந்தைகள், பின்னொரு காலத்தில் பிரசித்தி பெற்ற பெயரைச் சுமந்து திரிந்த மக்கள் ஆகிய எல்லோருமே அந்த வீட்டின் பிள்ளைகள்தாம். அவர்களுக்குள் கர்ணபரம்பரைக் கதை எடுத்துக்கொண்டது ஒருவனை மட்டுமே.

வீட்டை 1845-இல் வாங்கியவர் ராபர்ட் ஜேம்ஸ் என்ற பாதிரியார். கென்டக்கி மாநிலத்தில் பிறந்து, அங்கே ஜார்ஜ்டவுன் கல்லூரியில் கற்றுப் பட்டம் பெற்று, ஜெரெல்டா கோல் என்ற பதினாறு வயதுப் பெண்ணை 1841 டிசம்பரில் மணந்து, மிசௌரிக்குக் குடியேறிய பாப்டிஸ்ட் சபைப் பிரசங்கி அவர். லிபர்ட்டி என்னும் பக்கத்து நகரத்தில் 1849-இல் வில்லியம் ஜூவல் கல்லூரி ஸ்தாபிக்கப்பட்டபோது அதற்காக உழைத்தவர்களில் இவரும் ஒருவர். இப்படிச் சொல்வதனால் அவரை ஏழைப் பாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. அவர் சணலும் தானியங்களும் பயிரிட்ட நிலச் சொந்தக்காரர், அடிமைகளையும் உடையவர். அந்த வீடு இருக்கும் கிளே மாவட்டத்துக்கு வந்து குடியேறியவர்களில் பெரும்பாலோர் கென்டக்கி, டென்னஸி முதலிய தென்பகுதிகளிலிருந்து தங்கள் பழக்க வழக்கங்களோடு தங்கள் அடிமைகளையும் கொண்டுவந்தவர்கள். மிசௌரி மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் பத்துப் பேரில் ஒருவர் அடிமையாக இருந்த காலத்தில், கிளே மாவட்டத்தில் மட்டும் நான்கு பேரில் ஒருவர் அடிமையாக இருந்தார்.

கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி பரவி, தேசம் முழுதும் ஆடவர்கள் மேற்கு நோக்கிப் புறப்பட்ட காலத்தில் ராபர்ட் ஜேம்ஸும் 1850-இல் புறப்பட்டார். சுரங்கக்காரர்களுக்குப் பிரசங்கம் செய்வதற்காகவே போனார் என்பது குடும்பத்தார் சொல்லும் காரணம். அப்போது மூன்று வயதும் நிரம்பாத ஜெஸ்ஸி தகப்பனாரின் காலைக் கட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று அழுததாகவும், வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று அவர் மனம் உடைந்து பிரிந்ததாகவும் அந்த வீட்டில் வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவர் கலிபோர்னியாவில் நோயுற்று இறந்தார்.

ஏழு வயதில் ஒரு பிள்ளை, மூன்று வயதில் ஒரு பிள்ளை, கைக்குழந்தையாக ஒரு பெண். இம்மூவரோடு கடன்களையும் பெற்று 25 வயதில் விதவையான ஜெரெல்டா அம்மையார், அக்காலத்துச் சட்டம் ஒரு பெண்ணை எவ்வளவு தூரம் அநாதையாக விட்டுவிடும் என்பதைத் தம் அநுபவத்திலேயே அறிந்தார். கணவர் உயில் எழுதவில்லை. ஆதலால் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலம் போயின. பிள்ளைகளின் சொத்துக்குப் பாதுகாவலராகத் தாய் இருக்க முடியாமல் வேறோர் ஆடவர் நியமிக்கப்பட்டார். 1852-இல் செய்துகொண்ட இரண்டாம் விவாகத்தில், வயதான புதுக் கணவர் பிள்ளைகளோடு ஒத்துப்போகவில்லை. அவரும் 1854-இல் காலமானார். 1855-இல் ரூபன் சாமுவேல் என்ற சாந்தமான வைத்தியரை மூன்றாவதாக மணக்கப் போகையில் அம்மையார் செய்த காரியம் கவனிக்கத்தக்கது: தமக்குச் சேர வேண்டிய சொத்து தம்மை விட்டுப் போகாதபடி விவாகத்துக்கு முன்பே ஒரு பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார். ஆறடி உயரமும், எதிரே நின்று பேசத் தயங்க வைக்கும் வாக்கும் உடைய அந்த அம்மையாரே அவ்வீட்டின் யஜமானர், வைத்தியர் அல்லர். அந்த வீட்டுக்கு வந்த எந்தச் சோதனையிலும் முன்னே நின்று பேசியவர் அவரே.

அந்தப் பத்திரத்தில் காப்பாற்றப்பட்ட சொத்துகளில் மனிதர்களும் அடக்கம். சார்லட் என்ற நீக்ரோ ஸ்திரீ ஜெரெல்டாவின் விவாக காலத்தையொட்டி அவருக்கென்று அளிக்கப்பட்டவள். பிராங்கையும் ஜெஸ்ஸியையும் தூக்கி வளர்த்த கைகளில் அவளுடைய கைகளும் உண்டு. 1860-இல் அப்பண்ணையில் ஏழு அடிமைகள் இருந்தார்கள். புகையிலைப் பயிருக்கு அவர்களே கைகால். அவர்களிலே சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். எஜமானரின் பிள்ளைகளும் அடிமையின் பிள்ளைகளும் ஒரே கிணற்றடியில் விளையாடினார்கள் என்று எழுதுவது எளிது. ஆனால் 1850, 1860 ஆகிய இரண்டு ஜனத்தொகைக் கணக்குகளிலும் அடிமைகளுக்கென்று வைத்த தனி ஏட்டில் எஜமானருடைய பெயர் மட்டுமே எழுதப்பட்டது. அடிமைகளுக்குப் பெயர் இல்லை, வயதும் பாலும் நிறமுமே உண்டு. ஒருவர் இறந்தபின் சொத்து ஜாபிதா எடுக்கிறபோது குதிரைக்கும் மாட்டுக்கும் பக்கத்தில் குழந்தைக்கும் விலை குறிப்பார்கள். ஜெஸ்ஸி வளர்ந்த சூழ்நிலை இதுவே. பிற்காலத்தில் அவன் துப்பாக்கி ஏந்தியது எதற்காக என்று கேட்பவர்கள், பிள்ளைப் பருவத்தில் அவன் எதை இயற்கை என்று கண்டு வளர்ந்தான் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

1861-இல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. மிசௌரி ஐக்கிய சர்க்காரை விட்டுப் பிரியவில்லை. ஆனால் ஜேம்ஸ் குடும்பத்தைப் போன்ற அடிமை எஜமானர்களின் மனம் தெற்கத்திப் படையோடு இருந்தது. ஆதலால் அங்கே யுத்தம் என்பது இரு சேனைகளின் போராக இல்லாமல், அயலான் அயலானை அவன் வாசலிலேயே கொல்லும் கொடுமையாக மாறிற்று. பிராங்க் முதலில் தெற்கத்திப் பக்கத்துச் சேனையில் சேர்ந்து, நோயுற்றுப் பிடிபட்டு, இனி ஆயுதம் எடுப்பதில்லை என்ற வாக்கின்பேரில் வீடு திரும்பி, பிறகு அவ்வாக்கை விட்டு, மறைந்திருந்து தாக்கும் காட்டுப்படை ஒன்றில் சேர்ந்தான். 1863 மே மாதத்தில் அப்படை அவ்வீட்டுக்கு அருகிலேயே தங்கியிருக்கையில் சர்க்கார் பக்கத்து ஊர்ப்படை பண்ணைக்குள் நுழைந்தது. ரூபன் சாமுவேலை மரத்தில் தூக்கிலிட்டு இறக்கி, மறுபடி தூக்கி, மூச்சுத் திணறடித்துக் காட்டுப்படை இருக்குமிடத்தைச் சொல்ல வைத்தார்கள். வயலில் வேலை செய்துகொண்டிருந்த பதினைந்து வயது ஜெஸ்ஸியை அடித்து விரட்டினார்கள். வைத்தியர் பிழைத்தார், ஆனால் அன்று பட்ட துன்பத்திலிருந்து அவர் முற்றிலும் மீளவே இல்லை.

இந்த நாளை அம்மையார் தம் ஆயுள் பரியந்தம் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். சொன்னதில் பொய்யில்லை, அந்த மரமும், அந்தக் கயிறும், முதுகில் தழும்பேறிய அந்தப் பையனும் மெய்யானவை. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட் 21-ஆம் தேதி குவான்ட்ரில் என்பவனுடைய காட்டுப்படை கான்ஸஸிலுள்ள லாரன்ஸ் நகரத்தில் புகுந்து ஆயுதமற்ற ஆண்களையும் பையன்களையும் நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் கொன்றபோது பிராங்க் அப்படையைச் சேர்ந்தவனாக இருந்தான் என்பதும், அடுத்த ஆண்டு ஜெஸ்ஸியும் சேர்ந்துகொண்ட ஆண்டர்சன் என்பவனுடைய படை 1864 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்ட்ரேலியாவில் ரயிலை நிறுத்தி, விடுமுறையில் வீடு திரும்பிய நிராயுதபாணிகளான சிப்பாய்களை இறக்கிச் சுட்டது என்பதும் அந்த வீட்டுக் கதைகளில் இடம்பெறவில்லை. ஒரு குடும்பம் தான் பட்ட அடியை மறப்பதில்லை, தான் கொடுத்த அடியை நினைப்பதில்லை. குழந்தைகள் கேட்டு வளர்வது நினைத்த கதையை மட்டுமே.

யுத்தம் முடிந்தது, 1865 ஜனவரி 11-ஆம் தேதியே மிசௌரியில் அடிமைத்தனம் ஒழிந்தது. சார்லட் விடுதலை பெற்றபின்னும் அந்தப் பண்ணையிலேயே இருந்தாள். நெஞ்சில் குண்டுபட்டுப் பல மாதம் படுத்திருந்த ஜெஸ்ஸி தேறி எழுந்தான். 1866 பிப்ரவரி 13-ஆம் தேதி லிபர்ட்டி நகரத்துப் பாங்கி ஒன்றில் பட்டப்பகலில் ஆயுதபாணிகள் புகுந்து, பத்திரங்களும் ரொக்கமுமாக ஏறத்தாழ 60,000 டாலரை வாரிக்கொண்டு, தெருவில் குதிரைகளை விரட்டிச் சுட்டுக்கொண்டே ஓடினார்கள். அமெரிக்காவில் சமாதான காலத்தில் பகலில் ஆயுதத்தோடு நடந்த முதல் பாங்கிக் கொள்ளை என்று இதைச் சொல்வார்கள். செய்தவர்கள் பழைய காட்டுப்படைக்காரர்கள். ஜேம்ஸ் சகோதரர்கள் நேரில் இருந்தார்களா என்பது எந்தக் கோர்ட்டிலும் தீர்க்கப்படவில்லை. அவ்வோட்டத்தில் சுடப்பட்டு இறந்தவன் ஜார்ஜ் வைமோர் என்ற மாணவன். அவன் படித்தது வில்லியம் ஜூவல் கல்லூரியில், அதாவது ராபர்ட் ஜேம்ஸ் பாதிரியார் பாடுபட்டு ஸ்தாபித்த கல்லூரியில். அந்தப் பையனைப் பற்றி ஒரு பாட்டும் இல்லை.

ஜெஸ்ஸியின் பெயர் வெளிப்படையாக அடிபட்டது 1869 டிசம்பர் 7-ஆம் தேதி காலட்டின் என்னும் ஊரில் நடந்த பாங்கிக் கொலைக்குப் பிறகு. ஜான் ஷீட்ஸ் என்ற பாங்கி அதிகாரியை, ஆண்டர்சனைக் கொன்ற வேறொருவர் என்று தவறாக நினைத்து, பழிக்குப் பழியாகச் சுட்டார்கள். விட்டு ஓடிய குதிரை ஜெஸ்ஸியினுடையது என்று தெரிந்தது. அதற்கு மேல் அவனைக் கதாநாயகன் ஆக்கியது துப்பாக்கியன்று, பேனா. ஜான் நியூமன் எட்வர்ட்ஸ் என்ற பத்திராசிரியர், தெற்கத்திச் சேனையில் அதிகாரியாக இருந்து தோல்வியைத் தாங்க முடியாமல் இருந்தவர், 1872-இல் கான்ஸஸ் சிட்டிப் பொருட்காட்சியின் பணப்பெட்டியைக் கொள்ளையடித்தவர்களைப் பழங்கால வீரர்களுக்கு ஒப்பிட்டுத் தம் பத்திரிகையில் எழுதினார். அந்தக் கொள்ளையில் ஒரு சிறு பெண் குண்டடி பட்டாள். ஜெஸ்ஸியும் பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் அனுப்பித் தான் நிரபராதி என்றும், தன்னை வேட்டையாடுகிறார்கள் என்றும் எழுதலானான். 1874 ஜனவரி 31-ஆம் தேதி காட்ஸ் ஹில் என்ற இடத்தில் ரயிலை மறித்தபோது, பிரயாணிகளின் உள்ளங்கைகளைப் பார்த்து, உழைத்துக் காய்த்த கையுடையவர்களிடம் எடுப்பதில்லை என்று சொல்லிக் காட்டினார்கள். பத்திரிகைகளில் போடுவதற்கென்று தங்கள் செயலைத் தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஏழை விதவையின் கதை இந்தக் காலத்துக்குப் பிறகு கிளைத்தது. அடமானக் கடனால் வீட்டை இழக்கவிருந்த ஒரு விதவையிடம் சாப்பிட்ட ஜெஸ்ஸி, கடனுக்கான தொகையைக் கொடுத்து, மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பணத்தோடு திரும்பிய லேவாதேவிக்காரனை வழியில் மறித்து அதைப் பறித்துக்கொண்டான் என்பது கதை. அழகான கதைதான். வெவ்வேறு தேசங்களில் வெவ்வேறு கொள்ளைக்காரர்கள் மீதும் இதே கதை ஏற்றப்பட்டிருக்கிறது. ஜெஸ்ஸி கொள்ளைப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்தான் என்பதற்கு ஆதாரம் ஒன்றும் அகப்படவில்லை. அவன் வாங்கியது நல்ல குதிரைகளும் துப்பாக்கிகளும்.

1874 மார்ச்சில், பிங்கர்ட்டன் என்ற பிரசித்தமான துப்பறியும் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் விச்சர் என்னும் இளைஞர் கூலி வேலை தேடி வருபவர் போல வேஷமிட்டு அந்தப் பண்ணையை நோக்கிப் போனார். மறுநாள் ஆற்றுக்கு அப்பால் பிணமாகக் கிடந்தார். நிறுவனத்தின் தலைவர் ஆலன் பிங்கர்ட்டன் இதைத் தம் சொந்தப் பகையாக எடுத்துக்கொண்டார். சகோதரர்கள் அடிக்கடி வீட்டுக்கு வந்து போகிறார்கள் என்று உளவு கிடைத்தது. 1875 ஜனவரி 25-ஆம் தேதி இரவு, நள்ளிரவு கடந்த வேளையில், விசேஷ ரயிலில் வந்திறங்கிய ஆட்கள் உறைபனியில் அந்த மரவீட்டைச் சூழ்ந்தார்கள். வீட்டிலே அம்மையாரும் வைத்தியரும் அவர்களுடைய பிள்ளைகளும் பண்ணையாட்களும் உறங்கிக்கொண்டிருந்தனர். சமையலறை ஜன்னலை உடைத்து எரியும் பொருள் ஒன்று உள்ளே எறியப்பட்டது. விழித்தெழுந்தவர்கள் பதறிப்போய், வீடு தீப்பற்றிக்கொள்ளாமல் இருக்க அதைக் கணப்படுப்புக்குள் தள்ளினார்கள். அங்கே அது வெடித்தது. பறந்த இரும்புத் துண்டொன்று அம்மையாருக்கும் வைத்தியருக்கும் பிறந்த எட்டு வயதுச் சிறுவன் ஆர்ச்சியின் வயிற்றில் பாய்ந்தது. அவன் விடிவதற்குள் இறந்தான். அம்மையாரின் வலது கை சிதைந்து, முழங்கைக்குக் கீழே வெட்டி எடுக்கப்பட்டது. பிராங்கும் ஜெஸ்ஸியும் அப்போது அகப்படவில்லை.

வெளிச்சத்துக்காக எறிந்ததே தவிரக் கொல்வதற்காக அல்ல என்று துப்பறிவோர் பக்கத்தில் சொல்லப்பட்டது. ஆனால் அந்தத் தாக்குதலுக்கு முன் ஆலன் பிங்கர்ட்டன் லிபர்ட்டி நகர வக்கீல் ஒருவருக்கு எழுதிய கடிதம் பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டது. அந்த வீட்டையே இருந்த இடம் தெரியாமல் அழித்துவிட வேண்டும் என்பது அதிலே அவருடைய விருப்பமாக இருக்கிறது. ஒரு குடும்பம் உறங்கும் வீட்டைப் பற்றி, சட்டத்தின் பெயரால் வேலை செய்கிறவர் அப்படி எழுதியதை எந்த நியாயத்தாலும் மறைக்க முடியாது. இந்தப் பண்ணையின் சரித்திரத்தில் யாதொரு குற்றமும் அறியாமல் இறந்த குழந்தை ஆர்ச்சி. யுத்த காலத்துக் கூட்டாளி ஒருவனின் பெயரை அவனுக்கு இட்டிருந்தார்கள்; அவன் பிறந்தது யுத்தம் முடிந்த பிறகு, 1866-இல்.

குழந்தையின் மரணம் தேசமெங்கும் இரக்கத்தை எழுப்பிற்று. சகோதரர்களுக்கு மன்னிப்பளிக்கும் தீர்மானம் ஒன்று மிசௌரி சட்டசபையில் வந்து, வேண்டிய வாக்குகள் கிடைக்காமல் தோற்றது. அடுத்த ஏப்ரலில், துப்பறிவோருக்கு இடங்கொடுத்தவர் என்று சந்தேகிக்கப்பட்ட டானியல் ஆஸ்க்யூ என்ற அயல் பண்ணைக்காரர் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரக்கம் சற்றே தணிந்தது. 1939-இல் ஹாலிவுட்டில் எடுத்த ஜெஸ்ஸி ஜேம்ஸ் படத்தில் வெடியில் இறப்பது தாய். ஆர்ச்சி அங்கே இல்லவே இல்லை. கொள்ளைக்காரனின் பழிவாங்கலுக்கு நியாயம் கற்பிக்கத் தாயின் மரணமே போதும் என்று படமெடுத்தவர்கள் கருதினார்கள் போலும். தாயோ, ஒற்றைக் கையோடு, அதற்குப் பிறகு 36 ஆண்டுகள் வாழ்ந்தார்.

1876 செப்டம்பர் 7-ஆம் தேதி மின்னசோட்டா மாநிலத்து நார்த்ஃபீல்டில் பாங்கியைக் கொள்ளையடிக்கப் போய் ஜேம்ஸ் சகோதரர்களின் கூட்டம் சிதறியதையும், பெட்டகத்தைத் திறக்க மறுத்து உயிரைக் கொடுத்த ஜோசப் லீ ஹேவுட் என்ற பாங்கிக் கணக்கரையும் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். சகோதரர்கள் தப்பிப் பெயர்களை மாற்றிக்கொண்டு டென்னஸியில் குடித்தனம் நடத்தினார்கள். ஜெஸ்ஸிக்குத் தன் தாயின் பெயரையே கொண்ட அத்தை மகள் ஜெரெல்டா மிம்ஸ் மனைவியாக வாய்த்திருந்தாள். 1882 ஏப்ரல் 3-ஆம் தேதி செயின்ட் ஜோசப் நகரத்து வாடகை வீட்டில், தாமஸ் ஹோவர்ட் என்ற பொய்ப் பெயரில் வாழ்ந்த ஜெஸ்ஸி, நாற்காலிமேல் ஏறிச் சுவர்ப் படத்தின் தூசியைத் தட்டுகையில், வெகுமதிக்கு ஆசைப்பட்ட கூட்டாளி ராபர்ட் ஃபோர்ட் பின்னாலிருந்து சுட்டான். மனைவியும் இரண்டு குழந்தைகளும் அப்போது வீட்டில் இருந்தார்கள்.

அந்த இரு குழந்தைகளில் மூத்தவனுக்கு வயது ஆறு. அவனை டிம் என்றே அழைத்து வந்தார்கள். தன் தகப்பனார் ஹோவர்ட் அல்லர், ஜேம்ஸ் என்பதும், தன் பெயர் டிம் அல்ல, ஜெஸ்ஸி ஜேம்ஸ் என்பதும் தகப்பனாரின் பிணத்தைச் சுற்றி ஊர் கூடிய அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. தன்னுடைய பெயரைப் பிறர் வாயிலாகக் கேட்டறிந்த அந்தப் பையன், தாயோடு கான்ஸஸ் சிட்டியில் வறுமையில் வளர்ந்து, சிறு வயதிலேயே வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினான். ஜெஸ்ஸியின் தலைக்கு விலை வைத்த கவர்னர் கிரிட்டன்டனின் மகனே அவனுக்கு ஆதரவாக இருந்து, கோர்ட்டுக் கட்டடத்தில் சுருட்டுக் கடை வைக்க உதவினார் என்பது மனத்தைத் தொடும் விஷயம். 1898-இல் ஒரு ரயில் கொள்ளையில் அவன் மேல் வழக்குப் போட்டார்கள். பெயர் ஒன்றே பாதிச் சாட்சியாயிற்று. ஜூரிகள் விடுதலை செய்தார்கள். அதற்கடுத்த ஆண்டு தகப்பனாரைப் பற்றி ஒரு புஸ்தகம் வெளியிட்டார். தாயும் பாட்டியும் சொல்லக் கேட்ட விருத்தாந்தங்கள் அதிலே நிரம்பியிருக்கின்றன. பிறகு சட்டம் படித்து வக்கீலானார். 1921-இல் ஒரு சினிமாப் படத்தில் தகப்பனாராகத் தாமே வேஷம் போட்டார். நாற்பத்தைந்து வயதிலும் அந்தக் கதை அவரை விடவில்லை.

ஜெஸ்ஸியின் உடலைத் தாயார் பண்ணைக்குக் கொண்டுவந்து, திருடர்கள் தோண்டிவிடாதபடி வீட்டு முற்றத்திலேயே, தம் ஜன்னலிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில் புதைத்தார். துரோகியும் கோழையுமான ஒருவனால் கொல்லப்பட்டான் என்றும், அவன் பெயர் இங்கே எழுதத் தகாதது என்றும் சலவைக்கல்லில் பொறித்து வைத்தார். பார்க்க வருகிறவர்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். ஆளுக்கு 25 சென்ட் வாங்கிக்கொண்டு, அம்மையார் துண்டிக்கப்பட்ட கையைக் காட்டி, கணப்படுப்பைக் காட்டி, தூக்கு மரத்தைக் காட்டி, தம் பிள்ளைகள் பட்ட கஷ்டங்களைக் கண்ணீரோடு சொல்லுவார். கல்லறைமீது பரப்பிய கூழாங்கற்களையும் விற்றார். அவை தீர்ந்ததும் ஓடையிலிருந்து வேறு கற்களை அள்ளிவந்து பரப்பச் செய்தார் என்று அவ்வூரில் சொல்லுவார்கள். இதைக் கேட்டுச் சிலர் அவரை வியாபாரி என்று இகழ்ந்திருக்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. கணவரின் மூளை கலங்கிவிட்டது. அவர் பிற்காலத்தில் செயின்ட் ஜோசப் மனநோய் ஆஸ்பத்திரியில் அடைக்கப்பட்டு 1908-இல் அங்கேயே இறந்தார். இரண்டு பிள்ளைகள் கொலையுண்டார்கள். நிலத்தில் உழைத்த அடிமைகள் இல்லை. ஒரு கையும் இல்லை. அவரிடம் மிச்சமிருந்தது கதை ஒன்றே. அதை வைத்து அவர் ஜீவனம் செய்தார். ஆனால், அந்தக் கதையைச் சொல்லும் உரிமை அவர் ஒருவரிடமே இருந்ததனால் வைமோரும் ஷீட்ஸும் ஹேவுட்டும் அதிலே வரவில்லை என்பதையும், பக்கத்தில் நின்ற சார்லட்டை ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. உலகம் முழுவதும் இன்று அறிந்திருக்கிற ஜெஸ்ஸி ஜேம்ஸ், பெரும்பாலும் எட்வர்ட்ஸின் பத்திரிகையிலும் அந்தத் தாயின் முற்றத்திலும் உருவானவன்.

அம்மையார் தள்ளாத வயதில் வெளியூர்களில் அதிகமாகத் தங்க நேர்ந்ததால் 1902 ஜூன் மாதத்தில் ஜெஸ்ஸியின் எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டு, கியர்னி மயானத்தில் மனைவிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டன. தாமே உண்மையான ஜெஸ்ஸி என்று சொல்லிக்கொண்டு முதுமை வரை திரிந்தவர்கள் சிலர் இருந்ததால், 1995-இல் அந்த எலும்புகளை மறுபடி எடுத்துச் சகோதரியின் வம்சத்தாருடைய ரத்தத்தோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள், பொருத்தம் தெரிந்தது. ஜெரெல்டா அம்மையார் 1911 பிப்ரவரி 10-ஆம் தேதி, ஓக்லஹோமாவில் பிராங்கைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில், ஓடும் ரயிலிலேயே உயிர் நீத்தார்.

பிராங்க், தம்பி இறந்த ஆறாம் மாதத்தில் கவர்னர் முன் துப்பாக்கியை வைத்துச் சரணடைந்து, வழக்குகளில் விடுதலை பெற்றிருந்தார். செருப்புக் கடையில் விற்பனையாளராகவும், நாடகக் கொட்டகையில் வாயில்காப்போனாகவும், குதிரைப் பந்தயத்தில் கொடியசைப்பவராகவும் காலம் தள்ளிய பின், தாயார் இறந்ததும் பண்ணைக்குத் திரும்பினார். கட்டணம் வாங்கிக்கொண்டு, வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். 1915 பிப்ரவரி 18-ஆம் தேதி அந்த வீட்டிலேயே காலமானார். தகனம் செய்த சாம்பலை ஒரு பாங்கியின் பெட்டகத்தில் வைத்திருந்தார்கள். 1944-இல் மனைவி ஆன் இறந்த பிறகே இருவரையும் ஒருசேர அடக்கம் செய்தார்கள். அவர்களுடைய ஒரே மகன் ராபர்ட், தகப்பனாருக்குப் பின் அந்த வீட்டையும் அதைக் காட்டும் கடமையையும் ஏற்று, 1959-இல் தாம் இறக்கும் வரை வருவோரை வரவேற்றார்.

அதன்பின் வீடு பாழடைந்தது. 1978-இல் கிளே மாவட்ட நிர்வாகம் அதை விலைக்கு வாங்கி, உளுத்த மரங்களை மாற்றி, பழைய அறைகளைப் புதுப்பித்து, பக்கத்தில் ஒரு காட்சிசாலையும் அமைத்தது. கட்டணம் கொடுத்து எவரும் பார்க்கலாம். அமெரிக்காவில் வசிக்கும் நம்மவர்கள், கான்ஸஸ் சிட்டிப் பக்கம் போக நேர்ந்தால், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அவசியம் போய்ப் பார்க்க வேண்டும். ஜெஸ்ஸி பிறந்த அறையைக் கேட்காமலே காட்டுவார்கள். ஆர்ச்சி விழுந்த சமையலறையைக் காட்டச் சொல்லுங்கள். சார்லட் எங்கே படுத்தாள் என்று கேளுங்கள். அப்படியே லிபர்ட்டிக்கும் போய், ஜார்ஜ் வைமோர் விழுந்த தெருவையும் பார்த்துவிட்டு வாருங்கள். அந்தப் பழைய பாங்கிக் கட்டடம் இப்போதும் அங்கே இருக்கிறது.